ஏழாவது வரி

நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சிக் கூடம் ஒன்றிலும் பிறகு ஒரு நடனக் குழுவிலுமாகப் பதினோரு வருடம் ஓடிவிட்டது. வலி என்று புதிதாக யார் வந்தாலும் முதலில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பெயர், வயது, எங்கே வலி, எப்போதிலிருந்து, முன்பு அடிபட்டிருக்கிறதா, ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா. ஏழாவது வரி பெண்களுக்கு மட்டும்: கடைசியாக மாதவிடாய் வந்த தேதி. முதல் ஐந்து வருடம் அந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டு எட்டாவது வரிக்குப் போய்விடுவேன்.

கூச்சம்தான், வேறென்ன. கணுக்கால் வலி என்று வந்து நிற்கும் 16 வயதுப் பெண்ணிடம், பக்கத்தில் கோச் வேறு நிற்கும்போது, இதை எப்படிக் கேட்பது? கணுக்காலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்டுவிட்டால்? சம்பந்தம் உண்டு என்று படித்திருந்தேன், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் பாடத்தில் இருந்தது ஒரு முக்கோணப் படம். எதிரே இருந்தது வலியோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் கோடு என்ன கோடு என்று எனக்கு உறைக்க வைத்தவள் ஒரு பெண். பெயர் வேண்டாம். அடையாளம் தெரியக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியும் எழுதுகிறேன்.

அவளுக்கு அப்போது 17 வயது. முதலில் முழங்காலுக்குக் கீழே கணைக்கால் எலும்பில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர். விழுந்து முறிவது அல்ல இது. ஓயாமல் விழும் சுமையில் எலும்பில் மயிரிழை போல ஒரு கீறல் விடும். ஓய்வு கொடுத்தால் கூடிவிடும், கூடிவிட்டது. அவளைப் போல ஒத்துழைத்த நோயாளியை நான் பார்த்ததில்லை. பத்து முறை செய் என்றால் இருபது செய்வாள். நான் வருவதற்கு முன்பே வந்து பாயில் உட்கார்ந்திருப்பாள். திரும்பிப் போட்டிக்குப் போனபோது முன்பைவிட மெலிந்திருந்தாள், தாவும்போது முன்பைவிட உயரம் போனாள். “இந்த ஹால்லயே உன்ன மாதிரி ஒழுக்கமா யாரும் இல்லம்மா” என்று சொன்னேன். அப்போது அவள் முகத்தில் வந்த வெளிச்சம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

எட்டு மாதம் கழித்துப் பாதத்தில், இரண்டாவது விரலுக்குப் பின்னால் உள்ள எலும்பில் அடுத்த கீறல். இந்த முறை எம்.ஆர்.ஐ. படத்தோடு விளையாட்டு மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினோம், நானும் கூடப் போனேன். அவர் படத்தை அரை நிமிடம் பார்த்தார். அப்புறம் என் படிவத்தை எடுத்தார்.

“ஏழாவதுல என்ன கோடு?”

“அது கேக்கல மேடம்.”

அவர் என்னைத் திட்டவில்லை. அவள் பக்கம் திரும்பி, காலணி என்ன சைஸ் என்று கேட்கிற அதே குரலில் கேட்டார்: “கடைசியா பீரியட்ஸ் எப்ப வந்துச்சு?”

“பதினாலு மாசம் இருக்கும் டாக்டர். ட்ரெயினிங் அதிகமானா நின்னுடும்னு சீனியர் அக்காங்க எல்லாரும் சொன்னாங்க. எனக்கும் வசதியாத்தான் இருந்துச்சு.”

எந்த ஒளிவும் இல்லாமல் சொன்னாள். கேட்டிருந்தால் என்னிடமும் சொல்லியிருப்பாள். முதல் முறிவுக்கு வந்தபோதே அது நின்று ஆறு மாதம் ஆகியிருந்தது என்று அங்கேயே விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.

மருத்துவர் அன்று எனக்கு விளக்கியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாப்பாட்டிலிருந்து வரும் சக்தியில் பயிற்சிக்கு முதல் பங்கு போய்விடும். மிச்சத்தில்தான் இதயம், மூளை, ஹார்மோன், எலும்பு எல்லாம் நடக்க வேண்டும். கொழுப்பு நீங்கலான உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 45 கிலோகலோரி அளவு மிச்சம் இருந்தால் உடல் தாராளமாக இருக்கும். 30-க்குக் கீழே போனால் சிக்கனம் ஆரம்பம். ஆரோக்கியமான இளம்பெண்களை வைத்து ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே ஐந்தே நாள் இருந்ததில், கருமுட்டைச் சுழற்சியை நடத்தும் ஹார்மோனின் துடிப்பு மாறிவிட்டது. உயிர் பிழைக்க உடனடியாகத் தேவைப்படாததைத்தான் உடல் முதலில் நிறுத்தும். மாதவிடாய் நிற்கும், பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் இறங்கும். எலும்பைக் காப்பதில் ஈஸ்ட்ரோஜனுக்குப் பெரிய பங்கு உண்டு. அதுவும், ஆயுசுக்கும் வேண்டிய எலும்பு வலுவில் பெரும்பகுதி சேருகிற வயதில் இது நடக்கிறது.

உணவு, மாதவிடாய், எலும்பு என்ற இந்த மூன்றையும் சேர்த்து முக்கோணமாகப் பேச ஆரம்பித்தது 1992-ல். 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் நிபுணர் குழு அதை விரித்து ரெட்-எஸ் (விளையாட்டில் வரும் சக்திப் பற்றாக்குறை) என்று பெயர் வைத்தது. நோய் எதிர்ப்பு, இதயம், ஜீரணம், மனநிலை என்று பலதும் அதில் அடங்கும், ஆண்களும் அடங்குவார்கள். எல்லாருக்கும் இது உணவுக் கோளாறாகத்தான் இருக்கும் என்றில்லை. பயிற்சி கூடிய அளவுக்குச் சாப்பாடு கூடாமல், தெரியாமலே பற்றாக்குறையில் ஓடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்குப் பல சமயம் விளக்கிச் சொன்னாலே போதும். இவளுக்கு அது போதவில்லை.

அவள் கோப்பைத் திரும்ப எடுத்துப் படித்தபோதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எல்லாம் என் கையெழுத்திலேயே இருந்தது. ‘ஓய்வில் நாடித்துடிப்பு குறைவு, நல்ல உடற்தகுதி.’ பயிற்சியாலும் துடிப்பு குறையும், பட்டினியாலும் குறையும். எது என்று நான் யோசிக்கவே இல்லை. ‘எல்லாரும் வியர்க்கும்போதும் ஜாக்கெட் போட்டிருக்கிறார்.’ ‘ஓய்வு நாளிலும் பயிற்சி செய்யக் கேட்கிறார், ஆர்வம் அதிகம்.’ குழுவோடு உட்கார்ந்து சாப்பிடாமல் எப்போதும் ஒரு காரணம் சொல்லி நகர்ந்துவிடுவாள் என்பதை எழுதவில்லை. ஆனால் கவனித்திருந்தேன். அதையும் கூச்ச சுபாவம் என்று எடுத்துக்கொண்டேன். வேறு எங்காவது ஒரு பிள்ளை இப்படி நடந்துகொண்டால் வீட்டில் பயந்துபோவார்கள். எங்கள் கூடத்தில் இதற்குப் பெயர் அர்ப்பணிப்பு.

இந்த நோயின் ஏமாற்று இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. முறிவு கடைசியாகத்தான் வருகிறது, முதலில் வருவது பாராட்டு. எடை குறைந்த முதல் சில வாரங்களில் தசையின் பலம் அவ்வளவாகப் போயிருக்காது. உடல் இலேசு, பலம் பழையது. தாவல் உயரும், சுழற்சி வேகமாகும். ஸ்கோர் ஏறும். அந்தச் சில வாரங்களில் கோச் கை தட்டுவார், நான் தட்டிக்கொடுப்பேன், வீட்டில் பெருமைப்படுவார்கள். அப்புறம் அந்த உடலை விட அவளுக்கு மனசு வருமா?

எங்கள் கூடத்தில் திங்கட்கிழமை காலை எடை பார்ப்பார்கள். வரிசையில் நிற்க வேண்டும், எண்ணைச் சத்தமாகப் படிப்பார்கள், நோட்டில் ஏறும். கூடியிருந்தால் கோச் எதுவும் சொல்லமாட்டார், புருவத்தை மட்டும் தூக்குவார். அவரை வில்லியாக்கி எழுதுவது சுலபம். அவரும் பத்து வயதிலிருந்து அதே வரிசையில் நின்றவர்தான். “எங்க காலத்துல பெல்ட்டால அடிப்பாங்க, நான் ஒரு வார்த்தை சொல்றதில்ல” என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அவர் அளவில் அது கருணை.

ஒரு வார்த்தை என்ன செய்யும் என்பதற்கு கிறிஸ்டி ஹென்ரிக்கின் கதை இருக்கிறது. அமெரிக்க ஜிம்னாஸ்ட். 1988 ஒலிம்பிக் அணியில் 0.118 புள்ளி வித்தியாசத்தில் இடம் தவறியவர். எடையைக் குறைத்தால்தான் அணியில் சேர முடியும் என்று ஒரு நடுவர் அவரிடம் சொன்னதாக அப்போதைய செய்திகள் எழுதின. பட்டினி கிடக்க வைக்கும் அனரெக்சியா, அளவில்லாமல் சாப்பிட்டு வாந்தியெடுக்க வைக்கும் புலிமியா இரண்டோடும் போராடி, 1994 ஜூலையில் உடல் உறுப்புகள் செயலிழந்து 22 வயதில் இறந்தார். அந்த ஒரு வாக்கியம்தான் கொன்றது என்று நான் சொல்லமாட்டேன். மரபு, மனப்பதற்றம், எதிலும் குறை வைக்கக் கூடாது என்ற குணம் எல்லாம் சேர்ந்துதான் இந்த நோய் வருகிறது. ஆனால் அந்தக் குணத்தைத் தேடித்தானே நாங்கள் பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கிறோம்?

நடனக் குழுவில் எடை மெஷின் கிடையாது. அங்கே அந்த வேலையைக் கண்ணாடி செய்தது. சுவர் முழுக்கக் கண்ணாடி, நாளுக்கு ஆறு மணி நேரம். போன வருடத்து உடை இந்த வருடம் இறுக்குகிறதா என்ற பரிசோதனை வேறு. அங்கே ஒரு பையனையும் தவறவிட்டேன். மெலிய வேண்டும் என்பதல்ல அவன் பயம், துணை நடனக்காரியைத் தூக்கும்போது தோள் சின்னதாகத் தெரிகிறதே என்பது. ஒரு வேளை உணவு தள்ளிப்போனால் கை நடுங்கும் அளவுக்குக் கணக்கு, நடுராத்திரியில் எடை தூக்கும் பயிற்சி. படிவத்தில் அவனுக்கு ஏழாவது வரியே இல்லை. ஆண்களுக்கும் ஹார்மோன் இறங்கும், பாலியல் நாட்டம் குறையும். அதைக் கேட்பதற்கு இன்னும் கூச்சம், கேட்டால் பதில் வருவது இன்னும் கஷ்டம். எடைப் பிரிவு உள்ள விளையாட்டுகளில் ஆண்களின் நிலை எவ்வளவு மோசமாகலாம் என்பதை 1997 இறுதியில் அமெரிக்கா பார்த்தது. அவசரமாக எடை இறக்க முயன்று, ஐந்து வாரத்துக்குள் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே விதிகள் மாறின.

விதிகளில் எனக்குப் பிடித்தது, பனிச்சரிவில் நீளப் பலகைகளில் சறுக்கி வந்து காற்றில் பறக்கும் ஸ்கீ ஜம்பிங்கில் 2004-ல் வந்தது. இலேசான உடல் அதிக தூரம் பறக்கும் என்று வீரர்கள் காய்ந்துகொண்டே போனார்கள். உயரத்துக்கு ஏற்ற எடை குறைந்தால் ஸ்கீயின் நீளத்தையும் குறைக்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். ஸ்கீ குட்டையானால் காற்று தாங்காது, தூரம் போகாது. யாருக்கும் புத்திமதி சொல்லவில்லை, பட்டினியால் கிடைத்த லாபத்தில் கை வைத்தார்கள். பிரிட்டன் 2023-ல் வேறு வழியில் போனது. ஜிம்னாஸ்ட்களைக் கோச்கள் எடை பார்க்கக் கூடாது என்றே தடை.

அந்தப் பெண்ணின் கதைக்கு வருகிறேன். மருத்துவரிடமிருந்து திரும்பிய வாரமே அவளை உட்காரவைத்து அரை மணி நேரம் ஊட்டச்சத்துப் பாடம் எடுத்தேன். தலையாட்டினாள். பிறகுதான் தெரிந்தது, எந்த உணவில் எத்தனை கலோரி என்பதில் அவள் என்னைவிடப் பெரிய பண்டிதை. டயட்டீஷியன் என்னிடம் சொன்னார்: “அவளுக்குத் தெரியாம இல்ல சார். பயம். பாம்பைப் பார்த்துப் பயப்படறவன்கிட்ட பாம்போட நீளத்தைச் சொல்லி என்ன பிரயோஜனம்?” மருத்துவர், டயட்டீஷியன், மனநல ஆலோசகர் மூவரும் சேர்ந்துதான் பார்த்தார்கள். எனக்கு ஒதுக்கிய வேலை, அவர்கள் சொல்லும்வரை அவளைத் தாவ விடாமல் இருப்பது.

அவளுக்கு என் மேல் பயங்கரக் கோபம். “நீங்கதான சார் சூப்பரா இருக்கேன்னு சொன்னீங்க, இப்ப நீங்களே தடுக்கறீங்க” என்றாள். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. “ஆமா, சொன்னேன். தெரியாம சொல்லிட்டேன்” என்றேன். அதற்குப் பிறகு இரண்டு வாரம் பேசவில்லை.

கொஞ்சம் தேறி வந்த நேரத்தில் இன்னொரு தப்பு செய்தேன். “நல்லா தேறிட்டியே” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நம் ஊர்ப் பேச்சில் அது அன்பான வார்த்தை. அவள் காதில் அது ‘குண்டாகிவிட்டாய்’ என்று விழுந்தது, அன்று மதியம் சாப்பிடவில்லை என்று டயட்டீஷியன் சொல்லித் தெரிந்தது. அன்றிலிருந்து யாருடைய உடம்பைப் பற்றியும், நல்லதாகக்கூட, நான் வாய் திறப்பதில்லை. தூக்கம் எப்படி, பரீட்சை எப்படி, அந்த இறங்கும் அசைவில் முழங்கால் வலித்ததா, இவ்வளவுதான்.

அவள் ஒரு வருடத்துக்கு மேல் போட்டிகளில் இல்லை. மாதவிடாய் திரும்பியது. எலும்பு அடர்த்தி ஏறியது, முழுதாக அல்ல. திரும்பி வந்து இரண்டு போட்டியில் கலந்துகொண்டு, பிறகு தானாகவே விட்டுவிட்டாள். இப்போது வேறு படிப்பு படிக்கிறாள்.

எங்கள் கூடத்தில் திங்கட்கிழமை வரிசை நின்றுபோகவும் அவள்தான் காரணம், ஒரே நாளில் நின்றுவிடவில்லை. நார்வேயில் விளையாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் செய்த ஆய்வு ஒன்று 2014-ல் வந்திருந்தது, அதை எடுத்துக்கொண்டு போய்க் கோச்சிடம் உட்கார்ந்தேன். மாணவர்களோடும் கோச்களோடும் சுயமதிப்பு, உணவு பற்றி ஒரு வருடம் பேசிய பள்ளிகளில் பெண்களிடையே புதிதாக ஒருவருக்கும் உணவுக் கோளாறு வரவில்லை. மற்றப் பள்ளிகளில் 13 சதவீதம். கோச் அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அடுத்த வாரம் எடை மெஷின் என் அறைக் கட்டிலுக்கு அடியில் வந்து சேர்ந்தது.

இப்போது கோச் வெளியே போன பிறகுதான் படிவத்தை எடுக்கிறேன். ஏழாவது வரியை அந்த மருத்துவரின் குரலில் கேட்கப் பழகியிருக்கிறேன். போன மாதம் 15 வயதுப் பெண் ஒருத்தி கணைக்கால் எலும்பு வலி என்று வந்தாள். கேட்டதும், “இதெல்லாம் எதுக்கு சார்?” என்றாள். எலும்புக்கும் அதற்கும் உள்ள சம்பந்தத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாலு மாசம் ஆச்சு சார்.”

தேதியை எழுதிக்கொண்டேன். கதவு வரை போனவள் திரும்பினாள்.

“என் ஃப்ரெண்டுக்கும் நின்னுடுச்சு சார். ஆனா அவளுக்கு எங்கயும் வலி இல்ல. கூட்டிட்டு வரலாமா?”