அளத்தில் பதிந்த குரல்

ஏப்ரல் 17, 2024, தூத்துக்குடி

சாயங்காலம் ஆறு மணிக்குத் தேர்தல் பிரசாரம் ஓய்ந்தது. ஒலிபெருக்கிகள் அடங்கியதும் லாட்ஜ் மொட்டை மாடியில் போய் நின்றேன். தூரத்தில் ஒரு பஸ், காக்கைகள், காற்று. லைவ் சவுண்டில், அதாவது நடிக்கும்போதே குரலையும் பதிவு செய்து, படம் எடுப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய கொடுப்பினை இல்லை.

மார்ச்சிலேயே முடிந்திருக்க வேண்டிய ஷெட்யூல் இது. டிசம்பர் வெள்ளத்தில் உப்பளங்கள் சேறாகிவிட்டன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. பாத்திகளைத் திருத்தி மறுபடி உப்பு விளைய இத்தனை நாளாயிற்று.

நாயகி இரவு வந்து சேர்ந்தார். படம் அறிவிக்கும்வரை பெயர் எழுதக் கூடாது. பாலக்காட்டுக்காரர், சொன்னால் எல்லாருக்கும் தெரியும். பன்னிரண்டு வருடமாகத் தமிழில் நடிக்கிறார். ஒரு தமிழ்ப் படத்தில்கூட அவர் குரல் வந்ததில்லை.

ஏப்ரல் 18

கேரவன் கிடையாது. உப்பு மூட்டை அடுக்கும் கொட்டகையில் உடை மாற்றினார். அளத்துப் பெண்களைப் போலச் சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, தலையில் துண்டு. சட்டைக்குள் லேப்பல் மைக்கை நான்தான் ஒட்டினேன். சவுண்டில் ஒரு பெண் இருப்பது அவருக்கும் நிம்மதி. "மேடம்" என்றேன். "சேச்சி போதும்" என்றார்.

பேச்சு சொல்லிக்கொடுக்க, முப்பது வருடமாக அளத்துக்குப் போகும் அக்கா ஒருவர் வந்திருந்தார். சேச்சி வசனம் சொல்வதைக் கேட்டுவிட்டு, "ரொம்ப வெளங்கப் பேசுத தாயி. அளத்துல வாயத் தொறந்தா உப்புக்காத்துல்லா உள்ள போவும். உதட்ட அசைக்காமப் பேசு" என்றார்.

அவ்வளவுதான். அதே வசனம் பல்லிடுக்கில் நின்று நின்று வந்தது. மலையாள இழுப்புக்கு அதில் இடமே இல்லை. ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சிலிர்த்துவிட்டது.

ஏப்ரல் 19

வாக்குப்பதிவு. ஷூட்டிங் இல்லை. மைக்குகளை இணைக்கும் எக்ஸ்.எல்.ஆர். கேபிள் முனைகளெல்லாம் துடைத்து வைத்தேன். இந்தக் காற்றில் எதுவும் துருப்பிடிக்கும்.

ஏப்ரல் 22

என் தப்பு நடந்த நாள்.

மகளைப் படிப்பை விட்டு அளத்துக்கு வரச் சொல்லும் காட்சி. ஒரே ஷாட், நாலு நிமிடம். உப்புநீர் இறைக்கும் மோட்டாரை நம் வசதிக்கு நிறுத்தச் சொல்ல முடியாது, அது அவர்கள் பிழைப்பு. பெரிய மனது வைத்து ஐந்தரையிலிருந்து ஆறேகால்வரை நிறுத்தித் தந்தார்கள். மூன்றாவது டேக்கில் எல்லாம் கூடி வந்தது, அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் மைக்கில் வேர்வை இறங்கிக் கடைசி ஒரு நிமிடம் கரகரவென்று போய்விட்டது. வைட் ஷாட் என்பதால் நீளக் கம்பில் பிடிக்கும் பூம் மைக்கையும் கிட்டே கொண்டுபோக முடியவில்லை. இரண்டாவது டேக் முடிந்ததுமே நான் மைக்கை மாற்றியிருக்க வேண்டும்.

"சென்னைல டப்பிங்ல பாத்துக்கலாம்" என்றார் டைரக்டர்.

"அதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்? நாளைக்கு எடுக்கலாம். அந்த நாளுக்குச் சம்பளம் வேண்டாம்" என்றார் சேச்சி. என் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை.

டப்பிங் கலைஞர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. '96' படத்தில் த்ரிஷாவுக்குச் சின்மயி தந்த குரலை மறக்க முடியுமா? ஆனால் இந்தப் படத்தில் வெயிலில் நின்ற உடம்பிலிருந்தேதான் குரலும் வர வேண்டும். மூச்சு வாங்கும் இடத்தை ஏசி அறையில் எப்படிச் செய்வது?

ஏப்ரல் 23

இரண்டாவது டேக்கிலேயே ஓகே. "நாளையிலேருந்து நீயும் வா" என்பதில் 'வா' கிட்டத்தட்டக் கேட்கவே இல்லை, விழுங்கிவிட்டார். அதற்கு அடியில் குதிகால் பட்டு உப்புப் பொருக்கு நொறுங்கும் சத்தம். இரண்டும் ஒன்றாகப் பதிந்திருக்கின்றன. இனி யாராலும் பிரிக்க முடியாது.

கொட்டகையில் ஹெட்ஃபோன் கேட்டு வாங்கிக்கொண்டார். நாலு நிமிடமும் கண்ணை மூடியிருந்தார். முடிந்ததும் கழற்றவில்லை. விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டேன்.

ஏப்ரல் 25

நாளை கேரளத்தில் வாக்குப்பதிவு, ஒரு நாள் லீவு கேட்டுச் சேச்சி பாலக்காடு கிளம்பினார். கார் ஏறும் முன் அக்காவைத் தேடிப் போய் ஏதோ சொன்னார். உதடு அசையவில்லை. அக்கா சிரித்த சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது.