கிளாஸ்கோ: டாக்ஸியில் போன காசும் கிரேடு 4 பேண்டுகளும்

மழை கொட்டியதால் டாக்ஸி ஏறினோம். கிளாஸ்கோ கிரீன் மைதானம் சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான், ஆனால் அந்த டிரைவர் ரோடு அடைப்பு என்று ஊரையே சுற்றிக் காட்டிவிட்டு மீட்டருக்கு மேலும் கேட்டார். ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு போச்சு. அந்த எரிச்சலோடுதான் ஆகஸ்டில் நடக்கும் உலக பைப் பேண்ட் சாம்பியன்ஷிப்புக்குள், அதாவது ஸ்காட்லாந்தின் பேக்பைப்பும் டிரம்மும் வாசிக்கும் குழுக்களின் போட்டிக்குள் நுழைந்தேன்.

கூட்டம் முழுக்க உச்சப் பிரிவான கிரேடு 1 பேண்டுகளுக்காக முண்டியடிக்கிறது. என்னைக் கேட்டால் முதலில் ஓரத்துப் போட்டி வளையங்களுக்குப் போங்கள். அங்கே வாசிப்பதெல்லாம் கிரேடு 4, அதாவது ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் பேண்டுகள்; பள்ளிப் பிள்ளைக்குப் பக்கத்தில் நரைத்த தாத்தா, இருவருக்கும் ஒரே கட்டம் போட்ட கில்ட் பாவாடை.

அதைவிட, வாசிக்கப் போவதற்கு முன்னால் மரத்தடியில் சுருதி சேர்க்கிறார்களே, அதைத் தவறவே விடாதீர்கள். பேண்டின் தலைவரான பைப் மேஜர் ஒவ்வொருவர் தோளருகிலும் காதை வைத்துக் கேட்டு, ட்ரோன் குழாயைத் துளி இழுக்கிறார், துளி அமுக்குகிறார். நம் நாதஸ்வரத்துக்கு ஒத்து மாதிரி விடாமல் ஒரே ஸ்வரம் பிடிக்கும் குழாய்தான் ட்ரோன்; ஒரு பேக்பைப்புக்கு மூன்று. கீழே விரல் வைத்து வாசிக்கும் சான்டர் குழாயில் ஒரு ஸ்வரம் ஏறி நின்றால் துளையின் மேல் கறுப்பு டேப்பை மயிரிழை நகர்த்துகிறார். குளிரிலும் ஈரத்திலும் சுருதி மாறிக்கொண்டே இருப்பதால் கடைசி நிமிடம் வரை இதே பாடுதான்.

அப்புறம் டிரம்மில் இரண்டு உருட்டு, உடனே அத்தனை பைப்பும் ஒரே நொடியில் பிடிக்க வேண்டும். ஒன்று முந்தினாலும் காட்டிக்கொடுத்துவிடும். வட்டமாக உள்நோக்கி நின்று வாசிப்பதால் நமக்கு முதுகுதான் தெரிகிறது, அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. நடுவர்கள் மட்டும் சுற்றிச் சுற்றி வந்து குறித்துக்கொள்கிறார்கள்: பைப்புக்கு இருவர், டிரம்முக்கு ஒருவர், மொத்த இசைக்கு ஒருவர்.

இந்த ஊர் பேண்டுகளைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஸ்காட்லாந்தில் லாக் ஃபைன் என்ற கடற்கழியின் கரையில் இன்வெரரே என்று ஒரு குட்டி ஊர். உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்து வளர்த்த பேண்ட், கீழ் கிரேடிலிருந்து ஏறி வந்து 2017ல் கிரேடு 1 உலகப் பட்டத்தையே தட்டியது.

சாப்பாட்டுக் கடைகளில் விலை அநியாயம், மாக்கரோனி பை மட்டும் விதிவிலக்கு. மொறுமொறு மாவுக் கிண்ணத்துக்குள் சீஸ் மாக்கரோனி, சுடச்சுட, இரண்டு சாப்பிட்டேன். சாயங்காலம் முடிவு சொல்லும்போது எல்லா பேண்டும் மைதானத்தில் திரளும், அதற்கு முன்னால் கிளம்பிவிடாதீர்கள். திரும்பும்போது நடந்துவிடுங்கள்.