பனிச்சரிவுப் பயிற்சிக்குப் போகிறீர்களா? ஷவலோடு பழகிவிட்டுப் போங்கள்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஏஎஸ்டி 1 எனப்படும் பனிச்சரிவுத் தற்காப்பின் அடிப்படைப் பயிற்சியை முடித்த பிறகு பலரும் என்னிடம் கேட்பது, "தேர்வு கடினமா?" என்பதுதான். தேர்வே கிடையாது. பனிச்சரிவுப் பாதுகாப்பு அமைப்பான அவலாஞ்ச் கனடாவின் பாடத்திட்டப்படி குறைந்தது இரண்டு நாள். கொஞ்சம் வகுப்பறை, மீதி மலையில். மதிப்பெண் இல்லை என்ற தைரியத்தில் சிலர் வாடகைக் கருவிகளை உறைகூடப் பிரிக்காமல் கொண்டுவருகிறார்கள். அவர்களுக்குப் பாதி நாள் பொத்தான் தேடுவதிலேயே போய்விடுகிறது.

டிரான்ஸ்சீவர் (சிக்னல் அனுப்பவும், புதைந்தவரின் சிக்னலைத் தேடவும் உதவும் கருவி), புரோப் (பனியில் குத்திப் பார்க்கும் நீண்ட கோல்), ஷவல் (பனி அள்ளும் மண்வாரி) மூன்றும் குழுவில் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். "அவரிடம் இருக்கிறதே" என்பது செல்லாது. புதைவது அவராகவே இருக்கலாம்.

டிரான்ஸ்சீவர்கள் எல்லாமே 457 கிலோஹெர்ட்ஸில் இயங்குவதால் எந்த நிறுவனத்தின் கருவியும் மற்றதைக் கண்டுபிடிக்கும். மூன்று ஆன்டெனா உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அதைப் பைக்குள் போடாமல் மேல் சட்டைக்கு அடியில் உடலோடு கட்டிக்கொள்ள வேண்டும். கைபேசி அதிலிருந்து 20 செ.மீ. தள்ளியும், தேடும்போது 50 செ.மீ. தள்ளியும் இருக்கட்டும். தயாரிப்பாளர் வேறு சொல்லாதவரை அல்கலைன் பேட்டரிதான். கோடையில் அதைக் கழற்றி வையுங்கள்.

தேடுவது நினைத்ததைவிட எளிது. திரையில் தூரத்தைக் காட்டும் எண் குறையக் குறைய வேகத்தைக் குறைத்து, கடைசி மூன்று மீட்டரில் கருவியைப் பனியோடு பனியாக வைத்து மெல்ல நகர்த்த வேண்டும். மிகச் சிறிய எண் வந்த இடத்திலிருந்து 25 செ.மீ. இடைவெளியில் சுருள்வட்டமாக, சரிவுக்குச் செங்குத்தாகப் புரோப்பைக் குத்திக்கொண்டே போவோம். தரையில் பட்டால் 'டக்' என்று நிற்கும். பயிற்சியில் ஆளுக்குப் பதிலாகப் புதைத்துவைத்த பையில் பட்டால் மெத்தென்று எதிர்த்துத் தள்ளும். அந்த வித்தியாசம் கைக்குத்தான் தெரியும். பட்டதும் புரோப்பை உருவிவிடாதீர்கள்.

உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். முதல் 10 நிமிடத்துக்குள் வெளியே எடுக்கப்படுபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள்; அதன் பிறகு அந்த வாய்ப்பு மளமளவென்று சரிகிறது. அந்த நிமிடங்களில் பெரும்பகுதியைத் தின்பது தோண்டுதல். சரிந்து நின்ற பனி சிமென்ட் போல இறுகிவிடும். ஒரு மீட்டர் ஆழத்துக்கே டன் கணக்கில் அள்ள வேண்டியிருக்கும். ஆனால் டிரான்ஸ்சீவருக்கு நூற்றுக்கணக்கான டாலர் கொடுப்பவர்கள் ஷவலில் மிச்சம்பிடிக்கிறார்கள். பிளாஸ்டிக் ஷவல் இந்தப் பனியில் உடைந்துவிடும். உலோகத் தகடும் நீளும் கைப்பிடியும் கட்டாயம்.

புரோப்புக்கு நேர்மேலே நின்று தோண்டக்கூடாது. மூச்சுவிடப் புதைந்தவருக்கு இருக்கும் சிறு இடத்தையும் மிதித்து மூடிவிடுவோம். புதைந்த ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் சரிவில் கீழே தள்ளிப் போய், பக்கவாட்டில் உள்ளே செல்ல வேண்டும். ஆட்கள் இருந்தால் 'வி' வடிவில் நின்று பனியைத் தூக்கி எறியாமல் துடுப்புப் போடுவதுபோலப் பின்னால் தள்ளிவிடுங்கள். முன்னால் நிற்பவர் களைக்கும் முன்பே மாற வேண்டும். வகுப்பில் இதற்கு ஒதுக்கும் நேரம் எனக்குப் போதவில்லை. நடைபாதை ஓரம் இறுகிக் கிடக்கும் பனிக்குவியலிலேயே முன்கூட்டிப் பழகலாம்.

இழுத்ததும் விரிந்து, பனிக்கு மேலாக இருக்க உதவும் காற்றுப்பை கொண்ட முதுகுப்பை நல்லதுதான், ஆனால் விலை அதிகம். மரத்திலோ பாறையிலோ மோதினால் அது காப்பாற்றாது. கனடாவில் பனிச்சரிவில் இறப்பவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் காயத்தால்தான் இறக்கிறார். முதல் மூன்றும் கைக்கு வந்த பிறகு அதை யோசிக்கலாம்.

2003 பிப்ரவரி 1 அன்று பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைக் கணவாயான ரோஜர்ஸ் பாஸ் அருகே கருவிகளோடு சென்ற பள்ளிக் குழு ஒன்று பனிச்சரிவில் சிக்கி ஏழு மாணவர்கள் இறந்தார்கள். கருவி மட்டும் போதாது. ஆகவே வகுப்புக்கு முன்பே தினசரிப் பனிச்சரிவு அறிக்கையை வாசித்துப் பழகுங்கள். ஐந்து படி அபாய அளவில் மூன்றாம் படியை 'நடுத்தரம்' என்று எடுத்துக்கொள்பவர்கள் அதிகம். மனிதர்களே பனிச்சரிவைத் தூண்டிவிட வாய்ப்புள்ள நிலை அது. ரோஜர்ஸ் பாஸ் பக்கம் போவதானால் குளிர்கால அனுமதி முறையையும் பார்த்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையைக் காக்க ராணுவம் பீரங்கியால் பனியைச் சுட்டு இறக்கும் இடம் அது. எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்பது நாளுக்கு நாள் மாறும்.