ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லாத ஊர்

அப்பா ரிட்டயர் ஆனதோடு எங்களுக்கு ஊர் என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது. குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். வேலை இருக்கும்வரை வீடு. வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு லாரியில் சாமான் ஏற்ற வேண்டியதுதான். மற்றவர்களுக்குக் கிராமத்தில் பூட்டிக் கிடக்கும் பாட்டி வீடாவது இருக்கும். எங்களுக்கு நெய்வேலியில் ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை. ஆனாலும் யாராவது "நீங்க எந்த ஊரு?" என்று கேட்டால் முதலில் வாயில் வருவது நெய்வேலிதான்.

தை மாதம் சிதம்பரத்தில் ஒரு கல்யாணம். மறுநாள் நேரே சென்னை திரும்பாமல் சேத்தியாத்தோப்பு வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டேன். டவுன்ஷிப்பில் ஆட்டோக்காரர் கேட்ட முதல் கேள்வி, "எந்த வட்டம் சார்?" இங்கே தெருப்பெயரைவிட வட்டத்தின் எண்தான் விலாசம். கிரிக்கெட் மேட்ச், சண்டை, சைக்கிள் பந்தயம் எல்லாமே வட்டத்துக்கு வட்டம்தான்.

பள்ளிக்கூடம் முதலில். சனிக்கிழமை என்பதால் காலியாக இருந்தது. வாட்ச்மேன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சீக்கிரம் பாத்துட்டு வந்துடுங்க" என்று விட்டார். வகுப்பறைகள் அப்படியே இருந்தன, மைதானம்தான் மொட்டையாகத் தெரிந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது கடலூர் மாவட்டத்தின் பலாவும் முந்திரியும் சாய்ந்ததைச் செய்தியில் பார்த்திருந்தேன். நாங்கள் நிழலில் உட்கார்ந்து டிபன் பாக்ஸ் திறந்த மரங்களும் அந்தக் கணக்கில் சேர்ந்தவை என்று வாட்ச்மேன் சொல்லித்தான் தெரிந்தது. புதிதாக நட்டவை வளர்ந்திருக்கின்றன. நமக்குத்தான் அவற்றோடு பழக்கமில்லை.

ஜம்புலிங்க முதலியார் கதையை வகுப்பில் எத்தனை தடவை கேட்டிருப்போம்! கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்ததைக் கண்டு அரசுக்குச் சொன்னவர், பிறகு நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலத்தையும் கொடுத்தவர். 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம், 1957இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தது, 1962இல் ரஷ்ய உதவியோடு முதல் அனல்மின் நிலையம். இதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். சுரங்கத்துக்காக நிலத்தைவிட்டு எழுந்து போன கிராமங்களின் பெயர்களை யாரும் மனப்பாடம் செய்யச் சொன்னதில்லை. வகுப்பில் வெளியூரிலிருந்து சைக்கிளில் வரும் ஒருவன் இருந்தான். "எங்க பழைய வீடு இப்ப சுரங்கத்துக்குள்ள இருக்கு" என்று சாதாரணமாகச் சொல்வான். நாங்கள் சிரித்தோம். ஊர் போச்சு என்று இத்தனை வருடம் புலம்பும் எனக்காவது போய் நிற்க ஒரு கேட் இருக்கிறது. அவன் போய்ப் பார்க்க மண்ணே இல்லை, தோண்டி எடுத்தாகிவிட்டது.

வழியில் நடராஜர் கோயில். ஆளுயரத்தைவிடப் பெரிய ஐம்பொன் நடராஜர். மனுவை எழுதிப் போட்டுவிட்டு ஆராய்ச்சி மணியை அடிக்கும் வழக்கம் இங்கே உண்டு. பப்ளிக் பரீட்சை சமயத்தில் எங்கள் கூட்டம் அந்த மணியை விட்டதே இல்லை.

வீட்டை எளிதாகக் கண்டுபிடித்துவிட்டேன், வரிசையில் எல்லாமே ஒரே மாதிரி என்றாலும். கேட்டில் நின்று விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா, "அட, உள்ள வாங்க சார்" என்றார். அவர் கணவர் இரண்டாம் சுரங்கத்தில் வேலை, நைட் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் எழுந்திருந்தார். எங்கள் அப்பாவும் அப்படித்தான். அவர் பகலில் தூங்கினால் ஜன்னலில் போர்வை தொங்கும், அம்மா குக்கரை எடுக்கவே மாட்டார், பருப்பு சட்டியில்தான் வேகும். தம்பிக்கும் எனக்கும் ஜாடையிலேயே சண்டை போடத் தெரியும்.

சமையலறையை எட்டிப் பார்த்தேன். அப்பா அனுமதி வாங்காமல் கொத்தனாரை வைத்துப் போட்ட சிமென்ட் பலகை அப்படியே இருக்கிறது! பராமரிப்புக்காரர்கள் வரும் நாளில் அம்மா அதன்மேல் பழைய புடவையைத் தொங்கவிட்டு, முன்னால் அரிசி மூட்டையை நகர்த்தி வைப்பார். அப்பா வாசலிலேயே நின்று, அவர்களைத் தோட்டத்துப் பக்கமாகப் பேச்சுக் கொடுத்துக் கூட்டிப் போவார். இப்போது அதன்மேல் மிக்ஸியும் மாவு டப்பாவும். கதையைச் சொன்னதும் அந்த அம்மா சிரித்துவிட்டு, "எல்லா குவார்ட்டர்ஸிலயும் இது இருக்கும்னுல்ல நெனச்சேன். பக்கத்து வீட்ல இல்லாதத பாத்து, அவங்கதான் இடிச்சிட்டாங்களோன்னு…" என்றார்.

காபி வந்தது. பழைய அனல்மின் நிலையத்தை 2020இல் மூடியது பற்றிக் கொஞ்சம் பேசினோம். அவருக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் சில வருடங்கள்தானாம். "அப்புறம் எங்க சார்?" என்று கேட்டேன். வடலூர் பக்கம் மனை வாங்கிப் போட்டிருக்கிறார்கள், ஆனால் பையன் பெங்களூரில். அவன் வருவானா என்பதுதான் சந்தேகம். நாங்கள் தாம்பரத்துக்குப் போய் முதல் வருடம் பட்ட பாட்டைச் சொன்னேன். அவர் அதைவிட, தாம்பரத்தில் இப்போது சதுர அடி என்ன விலை என்பதில்தான் ஆர்வமாக இருந்தார். பேச்சு அப்படியே மனை விலைக்குப் போய்விட்டது.