சங்கீதம் 119-ஐப் பட்டை நிப்பால் எழுதுகிறேன்: பாதி தாண்டியாயிற்று

சங்கீதம் 119 முழுவதையும் தமிழில் கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன். மொத்தம் 176 வசனங்கள், பைபிளிலேயே நீளமான அதிகாரம். எபிரேயத்தில் இது அகரவரிசைப் பாட்டு. 22 எழுத்துகள், எழுத்துக்கு எட்டு வசனங்கள், அந்த எட்டும் அதே எழுத்தில்தான் தொடங்கும். எழுத்துகளின் வரிசையையே ஜெபத்தின் வரிசையாக வைத்துக்கொண்ட ஒருவர் பாடியது. எழுத்து வடிவங்கள் மேல் உயிராக இருக்கும் எனக்கு இதைவிடப் பொருத்தமான பகுதி கிடைத்திருக்காது.

முதலில் கைவேலையைச் சொல்லிவிடுகிறேன். 2 மி.மீ. பட்டை நிப், அதாவது முனை கூராக இல்லாமல் தட்டையாக இருக்கும் பேனா முள். காலிகிராஃபி என்னும் அழகெழுத்துக் கலை பழகுகிறவர்கள் பலரும் பிரிட்டிஷ் எழுத்துக்கலைஞர் எட்வர்ட் ஜான்ஸ்டன் வகுத்த முறையில்தான் தொடங்குவார்கள்: நிப்பின் முனையை எழுதும் வரிக்கு 30 டிகிரி சாய்த்துப் பிடிக்க வேண்டும், எழுத்தின் உயரம் நிப் அகலத்தைப் போல 4 மடங்கு. அது ஆங்கில எழுத்துக்கான கணக்கு. அதையே தமிழுக்கும் வைத்துப் பார்த்தேன். 'ப', 'ட' இரண்டும் அழகாக வந்தன. 30 டிகிரியில் கிடைக்கோடு நிப் அகலத்தில் பாதிதான் இருக்கும், நெடுக்குக்கோடு ஏறக்குறைய முழு அகலத்துக்கு விழும். அந்த வித்தியாசம் 'ப'வுக்கு ஒரு கம்பீரம் தருகிறது. ஆனால் 'ண', 'ஞ' வந்தால் சுழிகளுக்குள் மை அடைத்துக்கொள்கிறது. உயரத்தை 5 மடங்காக்கி, அதாவது 10 மி.மீ. வைத்து எழுதியதும் சுழிகள் மூச்சுவிட ஆரம்பித்தன. வரிக்கு வரி இடைவெளியும் தாராளமாக வேண்டும். மேல்வரியின் 'து', 'ழு' கீழே இறங்கும், கீழ்வரியின் 'கி', 'தீ' மேலே ஏறும். இரண்டும் சந்திக்கும் இடத்தை முன்கூட்டியே பார்த்து வைக்காவிட்டால் முட்டிக்கொள்ளும்.

எனக்கு மிகவும் பிடித்தது புள்ளி வைக்கும் நேரம். பட்டை நிப்பில் புள்ளி வட்டமாக வராது, சாய்சதுரமாகத்தான் வரும். பத்தாம் நூற்றாண்டு பாக்தாத்தில் இப்னு முக்லா என்பவர் நாணல் பேனாவின் இதே சாய்சதுரப் புள்ளியை அலகாக வைத்துத்தான் அரபு எழுத்துகளுக்கு அளவு வகுத்தார். அமைச்சராகவும் இருந்தவர். அரசியலில் வீழ்ந்து வலது கை வெட்டப்பட்ட பிறகும், அந்தக் கையில் பேனாவைக் கட்டிக்கொண்டு எழுதினார் என்று சொல்வார்கள். அவர் மார்க்கம் வேறு, என் மார்க்கம் வேறு. ஆனாலும் ஒவ்வொரு 'ம்', 'ன்' மேலும் புள்ளி வைக்கும்போது அவர் நினைவு வருகிறது. அது எனக்கு நல்ல துணை.

சரி, இப்போது எழுத உட்கார்ந்ததன் உள்காரணம். 'இது என் அழைப்பா, இல்லை வெறும் ஆசையா?' என்று நெடுநாள் ஜெபித்திருக்கிறேன். ஓர் அடையாளம் கிடைத்தால் தொடங்கலாம் என்று காத்திருந்தேன். அப்போது யாத்திராகமம் 31-ஐத் திரும்ப வாசித்தேன். பெசலெயேல் என்ற கைவினைஞரைக் கடவுள் பேர்சொல்லி அழைத்து, தம் ஆவியால் நிரப்பினார் என்று அங்கே இருக்கிறது. எதற்காக? பொன், வெள்ளி, வெண்கலத்தில் வேலை செய்ய, கல் வெட்ட, மரம் செதுக்க. ஆவியைப் பற்றிப் பேசத் தொடங்கிய வசனம் நேராகப் பட்டறைக்குள் போய்விடுகிறது. அதைப் படித்த பிறகு அடையாளம் கேட்பதை விட்டுவிட்டு மைக்கூட்டைத் திறந்தேன்.

ஜான்ஸ்டன் கதையும் எனக்கு ஊக்கம். மருத்துவம் படிக்கப் போனவர், உடல்நிலை இடம் கொடுக்காமல் அதை விட்டார். 1898-இல் லண்டனில் லெதபி என்ற கட்டடக்கலைஞரைச் சந்தித்தார். அவர் காட்டிய வழியில் பிரிட்டிஷ் மியூசியத்தின் பழைய கையெழுத்துப் பிரதிகளைப் படிக்கத் தொடங்கி, அடுத்த ஆண்டே எழுத்துக்கலை வகுப்பு எடுத்தார். லண்டன் பாதாள ரயிலுக்கு 1916-இல் வந்த எழுத்துருவும் அவருடையது. பழகிக்கொண்டே பாடம் நடத்திய ஒருவர் அந்தக் கலையையே மீட்டெடுத்தார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

எழுதும்போது நடப்பது வாசிக்கும்போது நடப்பதில்லை. ஒரு வசனத்துக்குச் சில நேரம் ஒரு மணி நேரம்கூட ஆகிறது. 71-ஆம் வசனத்தில் சங்கீதக்காரர் தான் உபத்திரவப்பட்டது தனக்கு நல்லது என்கிறார். வாசித்தால் நொடியில் கடந்துவிடுகிற வரி. நிப்பைப் பிடித்துக்கொண்டு அப்படிக் கடக்க முடியவில்லை. எனக்கு நேர்ந்த இழப்பை நினைத்தால் 'நல்லது' என்று சொல்ல என் வாய்க்கு இன்னும் வரவில்லை. ஆனாலும் 'ல்' மேல் புள்ளி வைத்து அந்த வார்த்தையை முடித்தேன். அன்றைக்கு என் கை என் விசுவாசத்துக்கு முன்னால் போயிற்று. அதை நான் பொய் என்று நினைக்கவில்லை. நான் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குக் கை முதலில் போய்விட்டது, அவ்வளவுதான். அழைப்பு விஷயத்திலும் எனக்கு இப்படித்தான் நடந்திருக்கிறது. தெளிவு வந்து எழுதத் தொடங்கவில்லை, எழுத எழுதத்தான் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது.

இன்னொன்று. இந்தச் சங்கீதத்தில் வேதம், வசனம், கட்டளை, பிரமாணம் என்று அதே சொற்கள் திரும்பத் திரும்ப வரும். முன்பு வாசித்தபோது சலிப்பு தட்டியிருக்கிறது. எழுதும்போது தட்டவே இல்லை. கோடு போடுவதும் சலிக்கவில்லை, மை கலப்பதும் சலிக்கவில்லை. திரும்பச் செய்தாக வேண்டிய பகுதி சலிக்காமல் இருப்பதைத்தான் நான் இப்போது அடையாளமாக எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்தது 14-ஆம் பகுதி. 105-ஆம் வசனம், கால்களுக்குத் தீபம் என்று எல்லோருக்கும் மனப்பாடமானது. 'உம்முடைய' என்று தொடங்குவதால் முதல் 'உ'வை 4 மி.மீ. நிப்பில் பெரிதாகப் போட எண்ணம். 30 டிகிரியில் அதன் அடிக்கோடு மெலிந்து போகிறது. நிப்பை 45 டிகிரிக்குத் திருப்பினால் கிடைக்கோடும் நெடுக்குக்கோடும் ஒரே கனத்தில் வரும். மேல்சுழிக்கு 30, கோட்டுக்கு 45 என்று நடுவில் பேனாவைத் திருப்ப முடிகிறதா என்று இந்த வாரம் பழைய தாள்களில் பழகிக்கொண்டிருக்கிறேன்.