ஆர்கியூமென்ட் ஸ்ட்ராங்கா, வீக்கா? காசிமேட்டுக் கேள்வியை வைத்தே பார்ப்போம்

பேங்க் எக்ஸாம் ரீசனிங்கில் ஸ்டேட்மென்ட் ஆர்கியூமென்ட் என்று ஒரு வகைக் கேள்வி உண்டு: 'இதைச் செய்யலாமா?' என்று கேட்டு, 'ஆம்', 'இல்லை' என்று சில வாதங்களைக் கொடுப்பார்கள், எது ஸ்ட்ராங், எது வீக் என்று நாம் சொல்ல வேண்டும். இது வந்தால், விதியெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்தவர்களும் மார்க்கை விடுகிறார்கள். பெரும்பாலும் கேள்வியில் வரும் விஷயத்தில் அவர்கள் ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்திருப்பதுதான் காரணம்.

ராயபுரத்தில் சேர்ந்து படித்தபோது நாங்களே ஒரு கேள்வி எழுதினோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு இருக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தை 90 நாளாக்கலாமா? எங்களோடு படித்த காசிமேட்டுப் பையன் ஒருத்தன், படகுத் தொழிலை நம்பி இருக்கிற வீடு, 'ஆம்' என்று ஆரம்பித்த எல்லாவற்றையும் வீக் என்று அடித்துவிட்டான். அவன் கோபம் நியாயமானது, அந்த இரண்டு மாதம் வீடு எப்படி ஓடும் என்று அவனுக்குத்தான் தெரியும். ஆனால் தேர்வில் யாரும் நம் முடிவைக் கேட்பதில்லை.

சரி, எப்படிப் பார்ப்பது? ஆர்கியூமென்ட்டில் சொன்னது உண்மை என்றே முதலில் வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு ஆள் எடுக்கும்போது சிந்தனைத் திறனைப் பார்க்க வைக்கும் வாட்சன் கிளேசர் தேர்வில் இதை வழிமுறையிலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அப்புறம் இரண்டே சோதனை: கேட்ட கேள்வியை நேராகத் தொடுகிறதா, சொல்லும் காரணத்துக்குக் கனம் இருக்கிறதா.

'ஆம், தடை இருந்தால் மீன்வளம் பெருகும்.' பார்த்தால் ஸ்ட்ராங் மாதிரி தெரியும், ஆனால் இது தடை வேண்டும் என்பதற்கான காரணம், இன்னும் 29 நாள் ஏன் கூட்ட வேண்டும் என்பதற்கு இதில் பதிலே இல்லை. 'ஆம், ஜூன் 14க்குப் பிறகும் பல மீன்கள் முட்டையிடுகின்றன' என்றால் நேராகத் தொடுகிறது, ஸ்ட்ராங். 'இல்லை, கூலிக்குப் போகிறவர்களுக்கு மேலும் ஒரு மாதம் வருமானம் நிற்கும்', இதுவும் ஸ்ட்ராங். எதிரெதிர் பக்கமாக இருந்தாலும் இரண்டும் ஸ்ட்ராங்காக இருக்கலாம், இதில்தான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். 'வேறு நாட்டில் இப்படி இல்லை' என்பது வீக், அங்கே இல்லாதது மட்டும் இங்கே காரணமாகாது.

'மட்டுமே', 'எப்போதும்' வந்தால் வீக் என்று கோச்சிங்கில் சொல்வார்கள். அதை ஒரு எச்சரிக்கையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு அடித்தால் தப்பான விடைக்குக் கால் பங்கு மார்க்கும் சேர்ந்து போகும்.

பயிற்சிக்கு, உங்களுக்குப் பிடிக்காத பக்கத்துக்கு நீங்களே ஒரு ஸ்ட்ராங் ஆர்கியூமென்ட் எழுதிப் பாருங்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் பகலில் கண்டெய்னர் லாரிகளைத் தடை செய்யலாமா என்று ஆரம்பிக்கலாம். அந்த ரோட்டில் தினமும் டூ வீலரில் போகிறவர்கள் 'இல்லை' பக்கத்துக்கு எழுதுங்கள்.