பீட்ரூட் கூழும் பத்து விரல்களும்

குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறேன். என் அறையில் இருப்பவர்கள் ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரையுள்ள சின்னஞ்சிறுசுகள். மாலையில் பிள்ளையை அழைத்துப் போக வரும் அம்மாக்கள் பலரும் கேட்பது இதைத்தான்: "வீட்டுல இவளுக்கு விளையாட என்ன டீச்சர் கொடுக்கிறது? எப்பப் பார்த்தாலும் செல்போன்தான் வேணுங்கிறா." கையால் தேய்த்து, விரலால் கோடு இழுத்து விளையாடக் கூழ் காய்ச்சிக் கொடுங்கள் என்பேன்.

ஒரு கப் தண்ணீரில் மூன்று ஸ்பூன் கார்ன்ஃப்ளாரைக் கட்டியில்லாமல் கரைத்து, கெட்டியாகிப் பளபளப்பு வரும்வரை அடுப்பில் கிளற வேண்டும். நன்றாக ஆறியதும் பாதியில் பீட்ரூட் சாறு, மீதியில் வேகவைத்து அரைத்த கீரைச்சாறு. அவ்வளவுதான். இந்த வயதில் எதைக் கொடுத்தாலும் நேராக வாய்க்குத்தான் போகும். அதனால் கடைப் பெயிண்ட் வேண்டாம், வேகவைக்காத மாவும் வேண்டாம். குழந்தை ஏற்கெனவே சாப்பிட்டு ஒத்துக்கொண்ட பொருளாகவே இருக்கட்டும். பீட்ரூட் வாய்க்குள் போனால் மறுநாள் சிறுநீரோ மலமோ சிவந்து வரலாம். இதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன், இல்லையென்றால் பாவம், பதறிப்போவார்கள்.

எங்கள் அறையில் ஒரு பத்து மாதக் குழந்தை. எவர்சில்வர் தட்டில் கூழைப் பரப்பி அவள் முன்னால் வைத்தேன். முதலில் உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி. அப்புறம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டி மெதுவாக இழுத்தாள். சிவப்புக்கு நடுவே தட்டு பளிச்சென்று கோடாகத் தெரிந்தது. சட்டென்று விரலை எடுத்துவிட்டாள். கோடு அங்கேயே இருந்தது. மறுபடி இழுத்தாள், இன்னொரு கோடு! தன் விரல்தான் அதை வரைகிறது என்று அவளுக்குப் பிடிபட்டதை முகத்திலேயே பார்க்க முடிந்தது. இந்த வேலையில் எனக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது.

இந்த நேரத்தில்தான் பெரியவர்கள் குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்துப் பூப்போட வைப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தப் பூ நம்முடையது.

சில குழந்தைகளுக்கு ஈரமே ஆகாது, தொட்டதும் உதட்டைப் பிதுக்கும். அவர்களுக்குக் கூழை ஜிப் கவரில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடி, நான்கு பக்கமும் அகல டேப்பால் தரையில் ஒட்டிவிடுவேன். மேலே அழுத்தினால் இரண்டு நிறமும் கலந்து நகரும். கவரைக் கடித்துப் பிய்க்காமல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நடக்கத் தொடங்கியவர்களுக்கு இன்னும் சுலபம்: கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர், தடிமனான பிரஷ், சிமெண்ட் தரை. கிண்ணம் சின்னதுதானே என்று நகர்ந்துவிடக் கூடாது, ஆள் கூடவே உட்கார வேண்டும்.

ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ, முகத்தைத் திருப்பினால் போதும் என்று அர்த்தம். துடைத்துவிடலாம்.

"இன்னைக்கு என்ன வரைஞ்சான்?" என்று முன்பெல்லாம் கேட்பார்கள். எப்படி விளையாடினான் என்பதை மட்டும் சொல்வேன். இப்போது சில அம்மாக்கள் காலையில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுகிறார்கள்: "நேத்து பச்சையைத் தொடவே இல்லை டீச்சர். சிவப்பை மட்டும் ரெண்டு கையாலயும் மாத்தி மாத்தித் தேய்ச்சான்."